கடைசியாக நின்ற பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அடுத்து வாய் திறக்கும், அதற்குப் பிறகுதான் மூளை எழுந்து உட்காரும். நாற்பது வயதுவரை இதை மாற்றப் பார்த்துவிட்டேன், முடியவில்லை. சங்க அலுவலகத்தில் அன்று நான் போட்ட கூச்சல் சோளக்காட்டுச் சந்தையின் மறுகோடிவரை கேட்டதாகப் பலாப்பழம் விற்கும் அம்மா ஒருவர் பிறகு என்னிடமே சொன்னார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் கொல்லிமலை அடிவாரத்துக்காரி. புளியஞ்சோலைப் பக்கம் எங்களுக்கு வயல் உண்டு. கம்ப்யூட்டர் படித்து, நகரத்தில் பதினைந்து வருடம் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் கொல்லிமலைக்கு ஏறி வந்து, சோளக்காட்டுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டேன். என் வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் எழுதி வைப்பது தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வேன். தொலையாதவரை என்னை ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

சந்தைக்குப் பின்னால் இரண்டு அறைக் கட்டடத்தில் மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. மருந்தடிக்காமல் மிளகு விளைவிப்பவர்கள் ஒன்றுசேர்ந்து சான்றிதழ் வாங்குவதற்கான சங்கம். யாருக்கு எங்கே நிலம், எத்தனை கொடி, யார் எப்போது போய்ப் பார்த்தார்கள் என்பதையெல்லாம் பதிந்து, வருடம் ஒருமுறை வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குப் பட்டியலாக அனுப்ப வேண்டும். மூன்று வருடம் விடாமல் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் சான்றிதழ். ஒரு வருடம் விட்டுப்போனாலும் மறுபடி முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் நானே வலியப் போய், நல்லதாக ஒரு ஏற்பாடு செய்து தருகிறேன் என்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நான் செய்து கொடுத்த ஏற்பாடு மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு டிபன் பாக்ஸ் அளவு. மூன்றிலும் ஒரே டேட்டாபேஸ் ஓடும். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டும் உடனே பார்த்து எழுதிக்கொள்ளும். ஒன்று பழுதானாலும் மற்றவற்றில் எல்லாம் இருக்கும். இதைக் கிளஸ்டர் என்போம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் டேட்டாபேஸைக் கன்டெய்னர் ஒன்றில், அதாவது மற்ற மென்பொருள்களோடு ஒட்டாமல் தனியாக மூடி வைத்திருந்தேன். ஒரு கட்டளை கொடுத்தால் நிற்கும், இன்னொரு கட்டளை கொடுத்தால் கிளம்பும். கன்டெய்னர் என்றதும் கூட்டத்தில் ஒருவர், "நம்ம மலை ரோட்டு எழுவது வளைவுல கன்டெய்னர் லாரி எப்படிங்க ஏறும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

பெட்டிகள் வந்த அன்று சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டின் பெயரை வைத்தார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. கோயில் விழாவில் எந்த நாட்டுக்கு முதல் மரியாதை, எது அடுத்து, எது கடைசி என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் யாரும் கை வைக்க முடியாது. எங்கள் சங்கத்தில் இருந்த மூன்று நாடுகளில் திருப்புலி நாடு கடைசி, ஆகவே மூன்றாவது பெட்டிக்கு அந்தப் பெயர். மற்ற இரண்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எது முந்தி என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், எனக்கு இருக்கிற சண்டையே போதும். அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டே பெயர்ச் சீட்டுகளை ஒட்டிக் கொடுத்தேன். வெறும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டியிருக்கலாம்.

மலையில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் டிவி, மிக்ஸி, பிரிட்ஜ் என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். சங்கத்திலும் அதே வழக்கம். சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு ஒரு இடி நிச்சயம், ஆகவே பெட்டிகளை நிறுத்துவதும் கிளப்புவதும் கிட்டத்தட்ட தினசரி வேலை. ஒவ்வொன்றாக நிறுத்தும்போது கடைசியாக நிற்பதில்தான் புதிதாக எழுதியது எல்லாம் இருக்கும், மற்றவை அதற்கு முன்பே தூங்கிப் போயிருக்கும். ஆகவே திரும்பக் கிளப்பும்போது கடைசியாக நின்றதை முதலில் கிளப்ப வேண்டும். மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். எனக்கு அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சங்கத்தின் எழுத்து வேலை முழுவதையும் பார்ப்பது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், திருப்புலி நாட்டுக்காரர். இரண்டே விரலில் தட்டச்சு செய்வார், ஒரு எழுத்துத் தப்பாது. நான் பார்த்த நகரத்து ஆட்களில் பாதிப் பேருக்கு அந்தக் கவனம் கிடையாது.

அன்று பட்டியல் அனுப்பக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அநேகமாக எல்லாம் பதிந்தாகிவிட்டது, ஒருவர் மட்டும்தான் பாக்கி. திருப்புலி நாட்டில் கோடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் ஓர் அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்காரர் பெயரில் நிலம் இரண்டு வருடமாகப் பட்டியலில் இருந்தது. மாசியில் அவர் இறந்துபோனார். இறந்தவர் பெயரில் சான்றிதழ் தர மாட்டார்கள். இந்த அம்மாவின் பெயருக்கு மாற்றினால் மூன்றாவது வருடம் தொடரும், மாற்றாவிட்டால் நிலம் பட்டியலிலிருந்து போய்விடும், மருந்தடிக்காமல் இருந்த இரண்டு வருடமும் வீண். காரியம், வாரிசுக் காகிதம் என்று அலைந்து முடித்து, கடைசி நாள் காலையில்தான் அவரால் பஸ் ஏற முடிந்தது. பெயர் மாறினால் எல்லையையும் புதிதாக எடுக்க வேண்டும் என்பதால் முதல் நாளே எங்கள் சங்கத்து ஆட்கள் நிலத்தைச் சுற்றி நடந்து எல்லையைப் போனில் பதிந்து வந்திருந்தார்கள்.

பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தார். நான் என் கம்பெனிக் கூட்டம் ஒன்றில் இருந்தேன்.

"கண்ணு, தொறையூர்ப் பக்கம் இருட்டிக்கிட்டு வருதுங்க. இடி சத்தம் கேக்குது. பொட்டிய நிறுத்தீரட்டுமா?"

"நிறுத்துங்கக்கா. தாள்ல இருக்கற மாதிரி பண்ணுங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் முதல் இரண்டு பெட்டிகளை முறையாக நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினார். மூன்றாவதை விட்டுவைத்தார், ஏனென்றால் அந்த அம்மாவின் பதிவு பாதியில் இருந்தது. பெயர், நிலத்தின் எல்லை, கொடிகளின் எண்ணிக்கை, கைரேகை. கைரேகை மட்டும் பதினோராவது முறையில்தான் விழுந்ததாம். வானம் முழங்க முழங்க உட்கார்ந்து முடித்துவிட்டு, மூன்றாவது பெட்டியையும் நிறுத்தினார். அவ்வளவு பொறுப்பாக நானே செய்திருப்பேனா என்பது சந்தேகம்.

பன்னிரண்டரைக்கு இடி ஓய்ந்தது. அக்கா பெட்டிகளைக் கிளப்பினார். மூன்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. அந்த அம்மா விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். பட்டியலை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அக்கா திறந்தபோது அதில் இறந்துபோன வீட்டுக்காரரின் பெயர்தான் இருந்தது, அந்த அம்மாவின் பெயர் இல்லை.

அக்கா மறுபடி போன் செய்ததும் நான் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். முதல் வேலையாக மூன்றாவது பெட்டியை நிறுத்தினேன், அதில் பழைய எழுத்து ஏதாவது மிச்சம் இருக்கும் என்ற நப்பாசையில். ஒன்றும் இல்லை. முதல் பெட்டியில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, தன்னிடம் இருந்ததைச் சுத்தமாகத் துடைத்திருந்தது. அழித்த இடத்தில் துருவினேன். காலையில் எடுத்த நகலைத் திறந்தேன், அது ஆறு மணிக்கு எடுத்தது. நிறுத்தினேன், கிளப்பினேன், மறுபடி நிறுத்தினேன். ஒரு மணி நேரம் இப்படியே போனது. வராது என்று எனக்குப் பத்தாவது நிமிடத்திலேயே தெரியும். தெரிந்த பிறகும் விரல் நிற்கவில்லை.

"எதை முதல்ல போட்டீங்க?" என்று கேட்டேன்.

அக்கா பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றார். "மொத நாட்டுப் பொட்டியத்தானுங்க."

அப்போதுதான் என் வாய் திறந்தது. சுவரில் தாள் எதற்கு ஒட்டியிருக்கிறது, படிக்கத் தெரியாதா, இவ்வளவு நாளும் இப்படித்தான் போட்டீர்களா, பெட்டி என்ன உங்கள் ஊர்த் தேரா என்றெல்லாம் கேட்டேன். இன்னும் சிலவும் சொன்னேன், அவற்றை எழுத எனக்கு இப்போது மனமில்லை. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா மெதுவாகச் சொன்னார்.

"படிச்சனுங்க கண்ணு. போன மாசம் அதும்படிதான் திருப்புலிப் பொட்டிய மொதல்ல போட்டேன். மொத நாட்டுப் பெரியவரு இந்தப் பெஞ்சில உக்காந்திருந்தாரு. 'திருப்புலிக்காரிக்கு அவ நாடுதான் மொதலாப் போச்சா'ன்னு நாலு பேரு முன்னால கேட்டுப்போட்டாரு. அதுக்கப்பறம் வரிசைப்படிதான் போடறேன். ஒண்ணும் ஆவுலீங்களே இத்தன நாளு."

இத்தனை நாளும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் எனக்குப் புரிந்தது. மூன்றையும் ஒரே நிமிடத்தில் நிறுத்திவிட்டால் இடையில் எழுத எதுவும் இருக்காது, எதை முதலில் கிளப்பினாலும் ஒன்றுதான். இன்றைக்கு நடுவே முக்கால் மணி நேரம் இருந்தது, அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு பதிவு இருந்தது.

முதல் நாட்டைச் சேர்ந்த அந்தப் பெரியவர் அப்போதும் பெஞ்சில்தான் இருந்தார். மழை பெய்தால் அவருக்கு அதுதான் இடம். நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, "பொட்டிக்கு என்னம்மா தெரியும் மருவாதி? போடறவங்களுக்குத் தெரியோணுமில்ல," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, விளக்கம் சொல்வதாக நினைத்துச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் மட்டும் நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, கத்தக் கூடாத இடத்தில் கத்தியிருக்கிறேன்.

திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் மூளை எழுந்து உட்கார்ந்தது. முதல் பெட்டி எப்படிக் கிளம்பியது? இந்த டேட்டாபேஸ் ஒன்றும் முட்டாள் இல்லை. கடைசியாக நின்றது தானில்லை என்றால் அதற்கே தெரியும். என்னை முதலில் கிளப்பாதே, எழுதியது தொலையும் என்று சொல்லி மறுத்து நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அக்கா எந்த வரிசையில் போட்டாலும் அது கிளம்பியிருக்கவே கூடாது.

பெட்டியைக் கிளப்பும் கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்டைத் திறந்தேன். நான் எழுதியது. நடுவில் நான்கு வரி. எந்தப் பெட்டியை முதலில் கிளப்புகிறார்களோ அதையே தலைவனாக வைத்துக்கொள், மறுக்காதே. மற்றவற்றில் என்ன இருந்தாலும் துடைத்துவிட்டு இதைப் பார்த்து எழுது. அதற்கு மேலே என் கையாலேயே ஒரு குறிப்பும் இருந்தது: "இனிமேல் தொந்தரவு பண்ணாது."

போன ஐப்பசி மழையில் எழுதியது அது. வாரத்துக்கு மூன்று முறை சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது. மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் செத்துவிழும், எது கடைசி என்று எதற்குமே தெரியாது, மூன்றுமே மறுக்கும். ஒவ்வொரு முறையும் அக்கா போன் செய்வார். நான் குடையை எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து போவேன். நான்காவது முறை எரிச்சல் தலைக்கேறி, பத்து நிமிடத்தில் அந்த வரிகளை எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போதும் நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவின் பதிவைத் தவிர மற்றதையெல்லாம் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுத் திரையை மூடினேன். "கிளம்புங்கக்கா, நேர்ல போய் மறுபடி பதிஞ்சு அங்கிருந்தே அனுப்பிரலாம்," என்றேன். மணி இரண்டரை ஆகியிருந்தது.

என் ஸ்கூட்டரில் போனோம். கைரேகை வைக்கும் கருவியைப் பாலிதீனில் சுற்றி அக்கா மடியில் வைத்துக்கொண்டார். மூடுபனி இறங்கி ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஓரிடத்தில் சில்வர் ஓக் கிளை ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது, இரண்டு பேருமாக இழுத்துப் போட்டோம். வழி முழுவதும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் அந்த அமைதியைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றியது. வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

பஸ் திரும்பும் இடத்தில் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து இருபது நிமிடம் நடை. அந்த அம்மா புடவையை மாற்றிக்கொண்டு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டார்.

"இப்பத்தான வந்தேன், அதுக்குள்ள என்ன சாமி?"

"காலைல பதிஞ்சது அழிஞ்சு போச்சுங்கம்மா. மறுபடி எடுக்கோணும்," என்றேன்.

"அழிஞ்சு போச்சா? வெளக்கு எரிஞ்சுதே, நான் பாத்துட்டுத்தான வந்தேன்?"

விளக்கு எரியத்தான் செய்தது.

எல்லை பதிந்த போனை முதல் நாள் போனவர்கள் வேறு ஊருக்கு எடுத்துப் போயிருந்தார்கள், ஆகவே மறுபடி நிலத்தைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. மரங்களுக்கு அடியில் போனுக்கு இடம் பிடிபடவில்லை. ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று, அது சரியென்று சொல்லும்வரை காத்திருந்தோம். அந்த அம்மா முன்னால் நடந்து கொடிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். காலையில் சொன்ன எண்ணிக்கை அவருக்கு நினைவிருந்தது, ஆனாலும் மறுபடி எண்ணினார். ஒரு மரத்தடியில் நின்று, "இதுல எலை மஞ்சளாச்சு போன வருசம். மருந்தடிச்சா காப்பாத்தீரலாம்னு எல்லாருஞ் சொன்னாங்க. அவரு மாட்டேன்னுட்டாரு. நாலு கொடி போச்சு," என்றார். நான் தலையை ஆட்டினேன். என் கண் போனில் ஓடும் நேரத்தின் மேலேயே இருந்தது.

பிறகு கைரேகை. களையெடுத்துத் தேய்ந்த விரல், அதில் மழை ஈரம் வேறு. கருவி சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. முந்தானையில் துடைத்தார், அடுப்புச் சூட்டில் காட்டினார், வேறு விரலை வைத்தார். எனக்குக் கருவியை எடுத்துப் பாறையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அக்காதான் அவர் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்து, பக்குவமாக அழுத்திப் பிடித்தார். பச்சை விழுந்தபோது மணி நான்கு முப்பத்தைந்து.

அங்கே சிக்னல் கிடையாது. பஸ் திரும்பும் இடத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் நின்றால்தான் வரும். "நானும் வாரேன்," என்று அந்த அம்மாவும் கிளம்பினார். இந்த முறை போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் விடுவதாக இல்லை. வழுக்கும் பாதையில் மூவரும் ஏறக்குறைய ஓடினோம். பாறை மேல் ஏறி அந்தப் பதிவை நேராக நிறுவனத்துக்கு அனுப்பும்போது மணி ஐந்தாக இரண்டு நிமிடம். திரையில் அந்த வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி அனுப்பினேன், மறுபடி சுற்றியது. ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு, பட்டியல் மூடப்பட்டுவிட்டது என்று வந்தது.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு பையனின் குரல், நல்ல மரியாதையான குரல். "அஞ்சு மணிக்கு சிஸ்டம் தானா மூடிக்கும் மேடம். நாங்க நினைச்சாலும் திறக்க முடியாது," என்றான். நான் கெஞ்சினேன், நிலைமையைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமும் போட்டேன். அவன் அதே வாக்கியத்தை அதே மரியாதையோடு திரும்பச் சொன்னான். இந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தானாக மூடிக்கொள்ளும் எதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அப்படி எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

போனை இறக்கியதும் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா அக்காவைப் பார்த்துக் கேட்டார். "நான் எந்தப் பொட்டில இருந்தேன்?"

"நம்ம பொட்டிலதான்," என்றார் அக்கா. "திருப்புலிப் பொட்டி. அதத்தான் மொதல்ல போட்டிருக்கோணும். நான் கடைசியாப் போட்டுட்டேன்."

"என்னத்துக்கு?"

அக்கா அழுதார். சத்தமில்லாமல், பாலிதீன் பையைக் கையில் பிடித்தபடியே அழுதார். அந்த அம்மாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோயில் வரிசையில் காலம் பூராவும் கடைசியில் நின்றவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. "நம்முளுத நாமளே பின்னால தள்ளிப்போட்டமா," என்று மட்டும் சொன்னார். அதில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அக்கா மேல தப்பில்லீங்கம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "வரிசை தப்பாப் போட்டா பெட்டியே வேண்டாம்னு சொல்லும். கிளம்பாது. அப்படி ஒரு காவல் அதுல இருந்துச்சு. அடிக்கடி என்னைக் கூப்பிடறாங்கன்னு எரிச்சல் பட்டு, அதை நான்தான் எடுத்து உட்டுட்டேன். அக்காகிட்டயும் சொல்லலை. மத்தியானம் அது தெரிஞ்ச பிறகும் சொல்லலை."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை பேர் முன்னால் நான் அவரைத் திட்டினேனோ அத்தனை பேரும் அந்தப் பார்வையில் இருந்தார்கள்.

பேசியது அந்த அம்மாதான். "எடுத்தது நீதான சாமி? திரும்ப வெச்சிரு. மறுக்கா யாருக்கும் இப்படி ஆவக்கூடாது." சொல்லிவிட்டுப் பாறையிலிருந்து இறங்கி, கிழங்குக் காட்டில் போட்டுவிட்டு வந்த களைக்கொத்தை எடுக்கப் போனார்.

மறுநாள் காலையில் அந்த நான்கு வரிகளையும் எடுத்தேன். அந்த நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன், மூன்றுக்கும் வருந்துகிறோம் என்றுதான் பதில் வந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், பெஞ்சில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர்கள் காதில் விழும்படி. "செரி உடுங்க கண்ணு," என்றார். ஆனால் இடி இடித்தால் முன்போல் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். அவருக்கு இப்போது என்னைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் மழை விட்ட நேரத்தில் நான் அங்கே இருந்தேன். அக்கா பழக்கத்தில் முதல் நாட்டுப் பெட்டியைக் கிளப்பினார். கடைசியாக நின்றது நானில்லை என்று அது மறுத்து நின்றது. பெஞ்சிலிருந்து பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மொதப் பொட்டி எரியிலயா?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது மாட்டேங்குதுங்க. திருப்புலிதான் மொதல்லங்குது," என்று சொல்லிவிட்டு மூன்றாவதைக் கிளப்பினார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

மூன்று பெட்டியும் ஒன்றையொன்று பார்த்து எழுதி முடித்ததும் அக்கா பட்டியலைத் திறந்து சரிபார்த்தார். அந்த அம்மாவின் பெயர் இப்போது அதில் இருக்கிறது, மூன்று பெட்டியிலும் பத்திரமாக. நிலத்தின் எல்லை, கொடிகளின் எண்ணிக்கை, கைரேகை எல்லாம் சரியாக இருக்கின்றன. பக்கத்துக் கட்டத்தில், மூன்றாம் ஆண்டு என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில், முதல் ஆண்டு என்று இருக்கிறது.